கையால் போட்ட முகவரி, வராத இணையம்: லினக்ஸ் கணினியில் எங்கே தேடுவது?

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11ஐ ஏற்றுக்கொள்ளாத பழைய கணினிகள் திருகோணமலை நகரில் நிறையவே இருக்கின்றன. புதிது வாங்கப் பணமில்லாதவர்கள் அவற்றில் உபுண்டுவையோ லினக்ஸ் மின்டையோ போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். டொக்யாட் வீதி, உட்துறைமுக வீதி, மத்திய வீதி என்று கணினி பழுதுபார்க்கப் போகும் எனக்கு இப்போது அடிக்கடி கேட்கக் கிடைக்கும் முறைப்பாடு இதுதான்: “லினக்ஸ் போட்ட பிறகு நெற் வேலை செய்யுதில்லை அண்ணை.”

பெரும்பாலும் அதில் லினக்ஸின் குற்றம் எதுவும் இருப்பதில்லை. முன்பு விண்டோஸில் இருந்த இலக்கங்களை யாரோ ஒரு துண்டில் எழுதிவைத்து, அப்படியே புதிய இடத்தில் போட்டிருப்பார்கள். அதில் ஒரு இலக்கம் மாறியிருக்கும், அல்லது இலக்கங்கள் சரியாக இருக்க, அவை எழுதப்பட்ட காலத்து றவுட்டர் இப்போது அங்கே இருக்காது. வலையமைப்பு விபரங்களைக் கையால் போட்டுவைத்திருக்கும் லினக்ஸ் கணினியில் இணையம் வராதபோது என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணினி படித்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. கடையை நடத்துபவர், ரியூசன் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவர், வீட்டில் பிள்ளையின் படிப்புக்கு ஒரு பழைய டெஸ்க்டொப் வைத்திருப்பவர் ஆகியோரை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

ஏன் கையால் போடுகிறோம்?

ஒரு வீட்டிலோ கடையிலோ கணினியை இணைத்தவுடன் அதற்குரிய முகவரியை றவுட்டரே கொடுத்துவிடும். டிஎச்சிபி என்று அதற்குப் பெயர். 1993இல் வரையறுக்கப்பட்டு, 1997இல் இன்றுள்ள வடிவத்துக்கு வந்த முறை இது. அதற்கு முன்னர் பெரும்பாலும் ஒவ்வொரு கணினியிலும் ஒரு ஆள் உட்கார்ந்து இலக்கங்களை அடித்துத்தான் வலையமைப்பில் சேர்க்கவேண்டியிருந்தது. இப்போது அது தேவையில்லை என்றாலும் சில இடங்களில் காரணத்தோடுதான் செய்கிறார்கள். எல்லாக் கணினியிலிருந்தும் ஒரே பிறிண்டருக்கு அனுப்பவேண்டும் என்றால் பிறிண்டரின் முகவரி நாளுக்கு நாள் மாறக்கூடாது. பில் போடும் கணினியைத் தேடி மற்றக் கணினிகள் வரும்போது அது இருந்த இடத்தில் இருக்கவேண்டும். சீசீடிவி பதிவுப் பெட்டியும் விரல் அடையாளம் எடுக்கும் வரவுப் பதிவு இயந்திரமும் அப்படித்தான்.

காரணம் பிறிண்டரோடு நின்றால் நல்லது. ஆனால் கண்டதையெல்லாம் கையால் போட்டுவிட்டு அதை எங்கேயும் எழுதிவைக்காமல் விடுவது எங்கள் ஊர்ப் பழக்கமாகிவிட்டது. போட்டவர் கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விடுவார். இலக்கம் மட்டும் கணினிக்குள் இருக்கும்.

கையால் போடும்போது கணினி எங்களிடம் நான்கு விடயங்களைக் கேட்கிறது. முதலாவது அந்தக் கணினியின் சொந்த முகவரி, உதாரணமாக 192.168.1.23. இரண்டாவது நெற்மாஸ்க், பெரும்பாலும் 255.255.255.0. லினக்ஸ் இதையே 24 என்று சுருக்கியும் காட்டும், இரண்டும் ஒன்றுதான். மூன்றாவது கேற்வே, அதாவது வெளியே போகும் வாசல். வீட்டிலும் கடையிலும் அது றவுட்டரின் முகவரி. நான்காவது டிஎன்எஸ், பெயரைச் சொன்னால் இலக்கத்தைச் சொல்லும் சேர்வரின் முகவரி.

நெற்மாஸ்க் என்பதைத்தான் பலர் விளங்காமலேயே அடிக்கிறார்கள். ஒரு கடிதம் வந்தால் அது எங்கள் வீதிக்குரியதா, வெளியூருக்குரியதா என்று முதலில் பார்க்கவேண்டும். எங்கள் வீதி என்றால் நேரே கொண்டுபோய்க் கொடுக்கலாம், வெளியூர் என்றால் தபால் கந்தோரில் சேர்க்கவேண்டும். முகவரியில் எத்தனை பகுதி வீதிப்பெயர், எத்தனை பகுதி வீட்டிலக்கம் என்பதைச் சொல்வதே நெற்மாஸ்க். 255.255.255.0 என்றால் முதல் மூன்று இலக்கங்களும் வீதிப்பெயர், கடைசி இலக்கம் வீட்டிலக்கம். ஆகவே 192.168.1.23க்கு 192.168.1.40 அயல்வீடு. 192.168.8.1 வேறு வீதி. கணினியின் முகவரியும் கேற்வேயும் ஒரே வீதியில் இருக்கவேண்டும் என்ற ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே பாதிப் பிழைகள் கண்ணில் படும்.

வீட்டுக்குள் பாவிக்கும் முகவரிகள் ஏன் 192.168 என்று தொடங்குகின்றன என்று பலர் கேட்பதுண்டு. தனிப்பட்ட பாவனைக்கென்று மூன்று தொகுதிகளை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள்: 10இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, பிறகு 192.168. இவற்றை யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுக்குள் பாவிக்கலாம், வெளி இணையத்தில் இவை செல்லாது. இதை அறிந்துவைத்தால் ஒரு நன்மை உண்டு. 192.168 என்பதை 192.186 என்று மாற்றி அடிப்பது நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிழை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கணினி அதைப் பிழை என்று சொல்லாது. ஏனென்றால் அதுவும் சரியான முகவரிதான், எங்களுடையது அல்ல என்பது மட்டும்தான் வித்தியாசம்.

முதலில் போனைப் பாருங்கள்

கணினியைத் தொடுவதற்கு முன்னர், அதே றவுட்டரின் வைபையில் உங்கள் கைத்தொலைபேசியை இணைத்துப் பாருங்கள். சிம் டேட்டாவை நிறுத்திவிட்டுப் பார்க்கவேண்டும், இல்லாவிட்டால் போன் உங்களை ஏமாற்றிவிடும். போனிலும் வரவில்லையென்றால் பிழை உங்கள் கணினியில் இல்லை. லைன், றவுட்டர், கட்டாத பில் ஆகிய மூன்றில் ஒன்று. போனில் வருகிறது, கணினியில் வரவில்லை என்றால் மேலே வாசிக்கலாம்.

அடுத்தது கேபிள். துறைமுகத்தை ஒட்டிய கடைகளில் இதைத் தவிர்க்கக்கூடாது. உப்புக் காற்றில் மலிவான கேபிள் பிளக்கின் செப்புத் தொடுமுனைகள் பச்சை பூத்துவிடுகின்றன. கணினியின் பின்புறம் கேபிள் செருகும் இடத்தில் சிறு வெளிச்சம் எரியவேண்டும். எரியாவிட்டால் எந்த இலக்கத்தை மாற்றியும் பயனில்லை. பிளக்கை இரண்டு மூன்று தடவை கழற்றிச் செருகுங்கள், வேறு கேபிள் இருந்தால் மாற்றிப் பாருங்கள்.

வெளிச்சம் எரிகிறது, இன்னும் இணையம் இல்லை. இனி டேர்மினலைத் திறக்கவேண்டும். கறுப்புத் திரை என்று பயப்படத் தேவையில்லை, நாங்கள் எதையும் மாற்றப் போவதில்லை, கேள்வி கேட்கப் போகிறோம். ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஐபி என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அட்ரஸ் என்று முழுச் சொல்லையும் அடித்து என்ரர் தட்டுங்கள். வரும் வரிகளில் 127.0.0.1 என்பதை விட்டுவிடுங்கள், அது கணினி தனக்குத்தானே வைத்திருக்கும் முகவரி. மற்றது உங்கள் கணினி இப்போது பாவிக்கும் முகவரி. அடுத்து அதேபோல ஐபி, இடைவெளி, ரூட் (பாதை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்). டிபோல்ட் வயா என்று தொடங்கும் வரியில் இருப்பதுதான் கேற்வே. அப்படி ஒரு வரியே இல்லையென்றால் பிழையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்: கேற்வே என்ற கட்டத்தை யாரோ காலியாக விட்டிருக்கிறார்கள்.

இப்போது போனைக் கையில் எடுத்து, வைபை விபரத்தில் போனுக்குக் கிடைத்த முகவரியையும் கேற்வேயையும் பாருங்கள். போனுக்கு றவுட்டரே கொடுத்த விபரம் அது, ஆகவே சரியான விடைத்தாள் உங்கள் கையில் இருக்கிறது. கணினியில் உள்ளதை அதோடு ஒப்பிடுங்கள்.

மின்னல் அடித்த பிறகு

மாரி தொடங்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எனக்கு வேலை கூட. பின்னேரத்து இடிமின்னலில் றவுட்டர்கள் எரிந்துபோகும். உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு கொமியூனிகேஷன் கடை. ஐந்து கணினிகள், எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்ட், ஒரு பிறிண்டர். பழைய றவுட்டர் எரிந்ததும் கடைக்காரர் ஒரு 4ஜி றவுட்டரை வாங்கி வைத்துவிட்டார். போன்களில் எல்லாம் வருகிறது, ஐந்து கணினிகளில் ஒன்றில்கூட வரவில்லை. அன்று பல்கலைக்கழக அனுமதி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். மூதூரிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு மாணவியும் தகப்பனும் சான்றிதழ்களோடு காத்திருந்தார்கள். போனில் விண்ணப்பத்தைத் திறக்கலாம், ஆனால் ஸ்கான் செய்த பிரதிகள் கணினிக்குள் இருந்தன. நள்ளிரவோடு பக்கம் மூடிவிடும். ஒரு வருடம் போய்விடும் என்று தகப்பன் சொல்லவில்லை, ஆனால் அவர் மணிக்கூட்டைப் பார்த்த விதத்தில் அது தெரிந்தது.

கணினிகளில் 192.168.1.21 முதல் 192.168.1.25 வரை கையால் போட்டிருந்தது. கேற்வே 192.168.1.1. போனில் பார்த்தால் முகவரி 192.168.8இல் தொடங்குகிறது, கேற்வே 192.168.8.1. ஹூவாவே நிறுவனத்தின் 4ஜி றவுட்டர்கள் பலவற்றில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இருக்கும் முகவரி இது. ஐந்து கணினிகளும் இல்லாத ஒரு வாசலைத் தட்டிக்கொண்டிருந்தன.

முதல் வேலையாக ஒரு கணினியை மட்டும் ஒட்டோமெற்றிக்குக்கு மாற்றினேன். பணிப்பட்டையில் உள்ள வலையமைப்புப் படத்தை அழுத்தி, நெற்வேர்க் செற்றிங்ஸ் போய், அந்த இணைப்புக்கு அருகில் உள்ள பற்சக்கரப் படத்தை அழுத்தினால் ஐபிவி4 என்று ஒரு பகுதி வரும். உபுண்டுவிலும் ஏறத்தாழ இதே வழிதான். அங்கே மெனுவல் என்று இருப்பதை ஒட்டோமெற்றிக் என்று மாற்றவேண்டும். டிஎன்எஸ் கட்டத்தில் பழைய இலக்கம் மிச்சமிருந்தால் அதையும் அழித்துவிட்டு அப்ளை. இதில் ஒரு பொறி இருக்கிறது. அப்ளை அழுத்தினாலும் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பு சில வேளை பழைய இலக்கத்தையே வைத்திருக்கும். இணைப்பை ஒருமுறை நிறுத்தி மீண்டும் போடவேண்டும். மாற்றியும் சரிவரவில்லை என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். மாணவியின் விண்ணப்பம் அந்தக் கணினியிலிருந்து போனது.

மிச்ச நான்கு கணினிகளையும் அப்படியே மாற்றியிருக்கலாம். ஆனால் பிறிண்டர் 192.168.1.50இல் இருந்தது. கணினிகளை மாற்றினால் பிறிண்டரையும் மாற்றவேண்டும், ஒவ்வொரு கணினியிலும் பிறிண்டரை மீண்டும் சேர்க்கவேண்டும். ஆறு சாதனங்களை மாற்றுவதைவிட ஒன்றை மாற்றுவது இலகு. புதிய றவுட்டரின் முகவரியை 192.168.1.1 என்று மாற்றிவிட்டால் எல்லாம் பழையபடி வேலை செய்யும். அதைத்தான் செய்தேன். ஒட்டோமெற்றிக்குக்கு மாற்றிய கணினியின் பிறவுசரில் 192.168.8.1 என்று அடித்து றவுட்டரின் பக்கத்துக்குள் போனால், டிஎச்சிபி அல்லது லான் என்ற பகுதியில் றவுட்டரின் சொந்த முகவரி இருக்கும். அதை மாற்றிச் சேமித்ததும் அந்தப் பக்கம் உறைந்து நிற்கும். பயப்படவேண்டாம், றவுட்டர் இடம் மாறிவிட்டது, இனி புதிய முகவரியில்தான் அதைத் திறக்கவேண்டும். போன்களின் வைபையையும் ஒருதடவை நிறுத்திப் போடவேண்டும். அதே பக்கத்தில், றவுட்டர் தானாகக் கொடுக்கும் முகவரிகள் 100இலிருந்து தொடங்கும்படி வைத்தேன். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

மெனுவலில் இருக்கும் கணினியிலிருந்து புதிய றவுட்டரின் பக்கத்தைத் திறக்க முடியாது, அது வேறு வீதி. ஆகவே ஒரு கணினியையோ போனையோ ஒட்டோமெற்றிக்கில் வைத்துக்கொண்டே இந்த வேலையைத் தொடங்கவேண்டும்.

மூன்று பிங்

றவுட்டர் மாறவில்லை, இலக்கங்களும் ஒரே வீதியில்தான் இருக்கின்றன, ஆனாலும் இணையம் இல்லை என்றால் பிங் என்ற கட்டளை இருக்கிறது. பிங் என்று அடித்து, இடைவெளி விட்டு, ஒரு முகவரியை அடித்தால் கணினி அந்த முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கும். லினக்ஸில் அது தானாக நிற்காது, கொன்ரோல் விசையோடு சீ எழுத்தை அழுத்தி நிறுத்தவேண்டும்.

முதலில் கேற்வேயைக் கூப்பிடுங்கள். பிறகு வெளியே உள்ள ஒரு இலக்கத்தை, உதாரணமாக கூகுள் 2009 டிசம்பரிலிருந்து நடத்திவரும் 8.8.8.8ஐ. மூன்றாவதாக ஒரு இணையத்தளத்தின் பெயரை. இந்த ஒழுங்கு முக்கியம். எந்தப் படியில் விழுகிறதோ அங்கேதான் பிழை.

முதற் படியிலேயே “டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்றீச்சபிள்” என்று வந்தால், நீங்கள் சொன்ன முகவரியில் யாரும் இல்லை என்று அர்த்தம். கேற்வே இலக்கம் பிழை, அல்லது கேபிள் வேறு எங்கோ போகிறது. “நெற்வேர்க் இஸ் அன்றீச்சபிள்” என்பது வேறு. அங்கே போக ஒரு பாதையே கணினியிடம் இல்லை. இரண்டாவது படியில் இது வந்தால் கேற்வே கட்டம் காலியாக இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒன்றுபோல ஒலிக்கும் இந்த இரண்டு வரிகளையும் பிரித்து வாசிக்கத் தெரிந்தால் அரைமணி நேரம் மிச்சம்.

கேற்வே பதில் சொல்கிறது, 8.8.8.8 சொல்லவில்லை, வெறுமனே மௌனம் என்றால் கொஞ்சம் யோசிக்கவேண்டும். லைன் அறுந்திருக்கலாம், ஆனால் போனில் இணையம் வருகிறதே. அப்படியானால் நீங்கள் கேற்வே என்று போட்டிருப்பது றவுட்டரே இல்லை. அது பிறிண்டராக இருக்கலாம், கமெரா பெட்டியாக இருக்கலாம். அவையும் பிங்குக்குப் பதில் சொல்லும், ஆனால் உங்கள் செய்தியை வெளியே கொண்டுபோகாது.

இலக்கங்கள் இரண்டும் பதில் சொல்லி, பெயருக்கு மட்டும் “ரெம்பறரி பெயிலியர் இன் நேம் றெசலூஷன்” என்று வந்தால் பிழை டிஎன்எஸ்ஸில். கொழும்பில் ஒரு அலுவலகத்தில் வேலைசெய்து லப்டொப்போடு ஊருக்கு வருபவர்களிடம் இதைக் காணலாம். அலுவலகத்துக்குள் மட்டுமே உள்ள ஒரு சேர்வரின் இலக்கம், 10இல் தொடங்குவது, டிஎன்எஸ் கட்டத்தில் போட்டிருக்கும். அந்த சேர்வர் உவர்மலையிலுள்ள வீட்டிலிருந்து எப்படிக் கேட்கும்? கட்டத்தை அழித்து டிஎன்எஸ்ஸையும் ஒட்டோமெற்றிக்காக விடுங்கள். கட்டாயம் கையால் போடவேண்டும் என்றால் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்பிளேர் 2018இல் தொடங்கிய 1.1.1.1.

டிஎன்எஸ் பற்றிப் பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றுபவர்கள் ஒரு இடத்தில் மாட்டுகிறார்கள். றெசொல்வ் கொன்ப் என்ற கோப்பைத் திறந்து இலக்கத்தை மாற்றச் சொல்வார்கள். இன்றைய உபுண்டுவிலும் மின்டிலும் அந்தக் கோப்பில் 127.0.0.53 என்றுதான் இருக்கும். அது பிழையல்ல. கணினிக்குள்ளேயே இருக்கும் ஒரு இடைத்தரகர், உண்மையான சேர்வரைப் பின்னாலிருந்து கேட்டுச் சொல்கிறார். அந்தக் கோப்பைக் கையால் மாற்றினால் மறுமுறை கணினியைப் போடும்போது மாற்றம் காணாமல் போய்விடும். மாற்றவேண்டிய இடம் நெற்வேர்க் செற்றிங்ஸ்தான்.

பெயர்கள் தமிழிலும் இருக்கலாம் என்பதை இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. .இலங்கை என்று முடியும் ஆள்களப் பெயர்களுக்கு 2010இல் அனுமதி கிடைத்தது. பாவிப்பவர்கள்தான் குறைவு.

வந்து வந்து போகும் இணையம்

அறவே வராத இணையத்தைவிட அரைகுறையாக வரும் இணையம்தான் ஆளைக் களைக்கவைக்கும். காலையில் வேலை செய்யும், பின்னேரம் நின்றுவிடும், றவுட்டரை நிறுத்திப் போட்டால் மீண்டும் வரும். கையால் போட்ட முகவரிகள் உள்ள இடத்தில் இப்படி நடந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது இரட்டை முகவரி. உங்கள் கணினியில் 192.168.1.23 என்று நீங்கள் போட்டிருக்கிறீர்கள். றவுட்டருக்கு அது தெரியாது. அது தன்னிடம் உள்ள இலக்கங்களை வருபவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டு போய், ஒருநாள் 23ஐ ஒரு வாடிக்கையாளரின் போனுக்குக் கொடுத்துவிடும். ஒரே வீட்டிலக்கத்தில் இரண்டு குடும்பம். கடிதம் சில நேரம் இவருக்கு, சில நேரம் அவருக்கு.

சோதிப்பது இலகு. சந்தேகமான கணினியின் கேபிளைக் கழற்றிவிட்டு, வேறு ஒரு கணினியிலிருந்து அதன் முகவரிக்குப் பிங் அடியுங்கள். கழற்றிய பிறகும் பதில் வருகிறதென்றால் அந்த முகவரியில் வேறு ஒருவர் இருக்கிறார். பதில் வராவிட்டால் யாருமில்லை என்று உறுதியாகச் சொல்லமுடியாது, சில போன்கள் பிங்குக்குப் பதில் சொல்வதில்லை. றவுட்டரின் பக்கத்தில் இணைந்திருப்பவர்களின் பட்டியலையும் பார்த்துக்கொள்ளுங்கள். றவுட்டர் கொடுக்கும் இலக்கங்களை 100இலிருந்து தொடங்கவைத்தது இதற்காகத்தான். 100க்குக் கீழே உள்ளவை கையால் போடுபவர்களுக்கு.

இன்னொரு அரைகுறை உண்டு: கூகுளும் யூடியூபும் வரும், வங்கியின் பக்கமோ அரச இணையத்தளமோ வராது. அரசாங்கத்தைத் திட்டுவதற்கு முன்னர் ஐபிவி4 இலக்கங்களைப் பாருங்கள். இதுவரை நான் சொன்னதெல்லாம் 1981இல் வரையறுக்கப்பட்ட ஐபிவி4 பற்றியது. உங்கள் இணைப்பில் ஐபிவி6உம் இருந்தால், அதற்குரிய முகவரியைக் கணினி தானாகவே எடுத்துக்கொள்ளும். கூகுள் போன்ற பெரிய தளங்கள் இரண்டிலும் பேசும். பழைய முறையில் மட்டும் பேசும் தளங்கள், நீங்கள் ஐபிவி4இல் விட்ட பிழையினால் மறைந்துவிடும்.

லைன் இல்லாத நேரத்தில் போனின் ஹொட்ஸ்பொட்டைப் போட்டுக்கொண்டும் கணினியில் இணையம் வரவில்லை என்பவர்கள், றவுட்டரின் கேபிளைக் கழற்றிவிட்டுப் பார்க்கவேண்டும். கேபிளில் கையால் போட்ட கேற்வே இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டு வாசல் இருக்கும்போது கணினி எதனால் போகும் என்பதை, முன்னர் சொன்ன ஐபி ரூட் கட்டளையில் மெற்றிக் என்ற எண் காட்டும். சிறிய எண் முந்தும். வழமையாகக் கேபிளுக்கு 100, வைபைக்கு 600. கேபிளுக்கு நேரே 20100 என்று கண்டால், அந்தப் பாதையில் இணையம் இல்லை என்று லினக்ஸே கண்டுபிடித்து அதைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. எல்லாக் கணினியிலும் இந்தப் புத்திசாலித்தனம் இயங்கும் என்று நம்பவேண்டாம். கேபிளைக் கழற்றுவது நிச்சயமான வழி.

வலையமைப்புப் பிழை போலத் தோன்றி வேறாக இருக்கும் ஒன்றையும் சொல்லவேண்டும். பழைய கணினியின் மதர்போர்டில் உள்ள பொத்தான் பற்றரி செத்தால் திகதி பல வருடம் பின்னே போய்விடும். அப்போது மூன்று பிங்கும் சரியாக வரும், ஆனால் பிறவுசர் எந்தப் பக்கத்தையும் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்க மறுக்கும். மூலையில் உள்ள மணிக்கூட்டைப் பாருங்கள்.

உபுண்டுவின் சேர்வர் வகையைக் கடையில் வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு. அங்கே இந்த விபரங்கள் நெற்பிளான் என்ற முறையில் ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கோப்பில் இடைவெளிகள் ஒழுங்காக இருக்கவேண்டும், ராப் விசையைப் பாவிக்கக்கூடாது. மாற்றிய பின்னர் நெற்பிளான் ட்ரை என்ற கட்டளையைக் கொடுங்கள். 120 செக்கனுக்குள் நீங்கள் என்ரர் தட்டாவிட்டால் அது பழைய நிலைக்கே திரும்பிவிடும். தூரத்திலிருந்து வேலை செய்பவருக்கு இதைவிட நல்ல காவல் இல்லை.

கையால் போடாமலே நிலையான முகவரி

பிறிண்டருக்கும் பில் கணினிக்கும் மாறாத முகவரி வேண்டும் என்பது நியாயம். அதற்குக் கணினியில் மெனுவல் போடவேண்டியதில்லை. ஒவ்வொரு வலையமைப்புக் கருவிக்கும் தொழிற்சாலையில் கொடுத்த ஒரு மாக் முகவரி உண்டு, இரண்டிரண்டு எழுத்தாக ஆறு தொகுதி. றவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் அந்த மாக் முகவரிக்கு இந்த ஐபி முகவரி என்று ஒதுக்கிவைக்கலாம். கணினி ஒட்டோமெற்றிக்கிலேயே இருக்கும், ஆனால் எப்போதும் அதே முகவரியைப் பெறும். லப்டொப்பை வீட்டுக்குக் கொண்டுபோனாலும் அங்கே உள்ளதை எடுத்துக்கொள்ளும். என் அபிப்பிராயத்தில் கடைகளில் மெனுவல் போட்டிருப்பதில் பெரும்பகுதி தேவையற்றது. ஆனால் றவுட்டரே எரிந்துபோனால் இந்த ஒதுக்கீட்டுப் பட்டியலும் அதோடு போய்விடும், ஆகவே பட்டியலை ஒரு கொப்பியிலும் எழுதவேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன்னர் ஐபிவி4 பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் நல்லது, பழைய இணைப்பை அழிக்காமல் கூட்டல் குறியை அழுத்திப் புதிய இணைப்பு ஒன்றை உருவாக்கி, அதை ஒட்டோமெற்றிக்கில் வைத்துச் சோதிப்பது. சரிவராவிட்டால் பழையதைத் தெரிவுசெய்தால் போதும்.

றவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருப்பது தொழிற்சாலை முகவரி. நீங்கள் மாற்றியிருந்தால் அதன்மேல் ஒரு வெள்ளை ஸ்ரிக்கர் ஒட்டி, இப்போதைய றவுட்டர் முகவரி, தானாகக் கொடுக்கும் இலக்கங்கள் எதிலிருந்து எதுவரை, பிறிண்டரின் இலக்கம், மாற்றிய திகதி ஆகியவற்றை எழுதிவையுங்கள். பேனையால் எழுதினால் ஒரு மாரியில் மை ஊறி அழிந்துவிடும், பென்சிலால் எழுதி மேலே செலோரேப் ஒட்டுங்கள்.